விசாரணைச் சன்னல், காஸ்த்ரோ பேருந்து நிலையம்

குடையை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்.
சிலோயே தீவில் மழை மேலிருந்து விழாது,
பக்கவாட்டில் வரும்,
கடன் கேட்க வருகிற மைத்துனன் மாதிரி.
எப்போது நிற்கும் என்று கேட்காதீர்கள்.
நின்றால் நாங்களே வெளியே வந்து பார்ப்போம்.

கழிப்பறை இடதுபக்கம். சில்லறை வேண்டும்.
இல்லையென்றால்
வாசலில் இருக்கும் நோல்பெர்த்தாவிடம்
நான் அனுப்பியதாகச் சொல்லிவிடாதீர்கள்,
ஈஸ்டரிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

பெங்குவின்களா?
மே மாதத்தில் வந்து நின்று கேட்கிறீர்கள்.
அவை போய்விட்டன, வசந்தத்தில் வரும்.
இந்தத் தீவில் விடுப்பை ஒழுங்காக எடுப்பது
அவை மட்டும்தான்.

மரக்கோயில்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம்.
மூன்றாவதில் கண் மரத்துவிடும்.
ஏதாவது ஒன்றில் ஈரக் கோட்டோடு உட்கார்ந்து
அண்ணாந்து பாருங்கள்:
கவிழ்த்துப்போட்ட படகு.
படகு கட்டுகிறவர்களிடம் போய்க் கோயில் கேட்டால்
வேறென்ன கட்டித் தருவார்கள்?

உள்ளூர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்?
இந்தக் கேள்வி நாளொன்றுக்குப் பதினான்கு முறை.
வீட்டில் என்றால் ஒருவரும் நம்புவதில்லை.
அதனால் துறைமுகத்தில் பச்சைக் கதவு என்கிறேன்.
என் முன்னாள் கணவரின் கடை அது,
சிப்பிச் சாறு கரிக்கும்.
உங்கள் முகத்தில் பசி நிஜமாகத் தெரிவதால் சொல்கிறேன்,
ஆஸ்பத்திரி கேண்டீனுக்குப் போங்கள்,
பன்னிரண்டரைக்கு முன்னால்.
செவ்வாய் என்றால் கடற்பாசி சூப்.
யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டால்
கார்கமோ என்று சொல்லுங்கள்.
எந்த வார்டிலும் ஒரு கார்கமோ படுத்திருப்பார்.

பெண், தனியாக, இரவில்?
நடங்கள். ஒரு நாய் வந்து சேர்ந்துகொள்ளும்.
அதற்குப் பெயர் வைக்காதீர்கள்,
ஏற்கெனவே நான்கு இருக்கின்றன.

நேற்று ஒருவர் வந்தார், பெல்ஜியத்துக்காரர்.
போனில் ஒரு படம்:
செதில் செதிலாய் மரச்சில்லு வேய்ந்த மஞ்சள் வீடு,
மாடியில் நீலச் சன்னல்.
நான்கு வருடத்துக்கு முன் அந்த அறையில் தூங்கினாராம்,
அதுபோல் அப்புறம் தூங்கவே இல்லையாம்.
போய்ப் பார்த்தால் புல்லும் ஆறு கற்களும்.
வீடு எங்கே என்றார்.
போய்விட்டது என்றேன்.
இடித்துவிட்டார்களா?
இல்லை, ஐயா. போய்விட்டது.

மார்ச்சில் மான்சில்லா சகோதரர்களுக்குள் நிலத்தகராறு.
நிலம் மூத்தவனுக்கு, வீடு இளையவனுக்கு.
அவன் ஊரைக் கூப்பிட்டான்.
அடியில் உருட்டுக்கட்டை கொடுத்து
எட்டு ஜோடி எருதுகள் இழுத்தன,
எருதுகளைவிட அதிகமாகக் கத்தியது நாங்கள்தான்.
ஓதம் ஏறும்வரை கரையில் காத்திருந்து,
பீப்பாய் கட்டி,
மீன்படகு முன்னால் போக
வீடு பின்னால் போனது,
திரைச்சீலையைக்கூடக் கழற்றவில்லை.
கூலி என்று எதுவும் கிடையாது.
குழிக்குள் சுட்ட சிப்பியும் பன்றியும் உருளைக்கிழங்கும்,
எழ முடியாத அளவுக்கு.

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்,
கேலி செய்வதாக நினைத்துப்
பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.
எழுதுங்கள், ஒர்மெசிந்தா கார்கமோ,
கோ நெடில்... இல்லை, மோ நெடில்.
பிறகு வரைபடத்தில் கடலுக்கு அந்தப்புறம்
ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன்.
பென்சிலால்தான்.
இந்தச் சன்னலில் பேனா வைத்துக்கொள்வதில்லை.

இன்று காலை திரும்பி வந்தார்,
காகிதத்தில் பொதிந்த கிழங்கு ரொட்டியோடு,
இன்னும் சூடாக.
அதே அறை, அதே கட்டில்,
மாடிப்படியில் அதே கிறீச்.
ஒரே ஒரு புகார்:
முன்பெல்லாம் வெயில் முகத்தில் விழுந்து எழுப்புமாம்.
இப்போது சன்னல் மேற்கே பார்க்கிறது,
பத்து மணிவரை தூங்கிப்
பேருந்தை விட்டுவிட்டாராம்.

அடுத்தது மூன்றே காலுக்கு என்றேன்.
உட்காருங்கள். கேண்டீன் திறந்திருக்கும்.
இன்றைக்கு என்ன கிழமை?